கொட்டையும் கிண்ணமும்: தருமபுரித் திண்ணைகளின் பிரிப்பியல் பற்றி ஓர் ஆய்வு

தமிழில் இனி ஆராய என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சங்க இலக்கியத்தில் யானை, சங்க இலக்கியத்தில் உப்பு, சங்க இலக்கியத்தில் மாலைப்பொழுது என்று தடித்த அட்டை போட்ட ஏடுகள் பல்கலைக்கழக அலமாரிகளை அடைத்துக்கொண்டு நிற்கையில் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால், இரண்டரை வயதுப் பிள்ளையை உட்காரவைத்து, இரண்டு கிண்ணத்தை முன்னால் தள்ளி, “கொட்டையெல்லாம் இதுல போடு, சோளமெல்லாம் அதுல போடு சாமி” என்று சொல்லிவிட்டுப் பொங்கும் பாலை நோக்கி ஓடும் தாயைப் பற்றி எந்த ஏடும் வாய் திறக்கவில்லை. பாலைப் பற்றியும் திறக்கவில்லை. இவ்விரண்டில் முன்னதை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

பிரிப்பு விளையாட்டு என்பது யாதோ எனின், ஏற்கெனவே தனித்தனியாக இருந்த பொருள்களைப் பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே கலந்து, அவற்றை மறுபடியும் தனித்தனியாக்கும்படி சிறியவர் ஒருவரைக் கேட்டுக்கொள்வதும், சிறியவர் அதற்கு இணங்காமையும், கடைசியில் பெரியவரே குந்தி உட்கார்ந்து பிரித்து முடிப்பதும் ஆம். அற்றேல், பெரியவர் முதலிலேயே கலக்காமல் இருந்திருக்கலாமே எனின், அங்ஙனமாயின் அது கல்வி ஆகாது என்க. கடுகையும் சீரகத்தையும் குழந்தையே தானாகக் கலந்துவிட்டால் அதற்கு விளையாட்டு என்று பெயர் இல்லை. அதற்கு வேறு பெயர்கள் உண்டு, அவை அச்சிடத் தக்கவை அல்ல.

ஆய்வுக் களமாகத் தருமபுரி மாவட்டத்தைத் தேர்ந்தது தற்செயல் அன்று. இந்த மாவட்டமே ஒரு பிரிப்பு விளையாட்டின் விளைபொருள். சேலம் என்ற பெரிய கிண்ணத்தில் கிடந்ததை 1965 அக்டோபர் 2-ஆம் நாள் எடுத்துத் தனிக் கிண்ணத்தில் போட்டார்கள். 2004 பிப்ரவரி 9-ஆம் நாள் அதிலிருந்து கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் பொறுக்கி இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றினார்கள். மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் போயின, ஒகேனக்கல் இந்தப் பக்கம் நின்றது. இதோடு சேர்த்து நோக்கத்தக்கது இன்னொன்று. அங்கன்வாடிகளைத் தந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் தொடங்கப்பட்டது 1975 அக்டோபர் 2. மாவட்டம் பிறந்து சரியாகப் பத்தாண்டு, அதே தேதி. சிறு மனதுடையோர் இதைக் காந்தி ஜெயந்தி என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவர். ஆய்வாளர்கள் அப்படித் தாண்ட முடியாது. இதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும். எழுதியாயிற்று.

தருமபுரி என்றால் அதியமானைச் சொல்லாமல் எந்த ஏடும் நகர்வதில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டவர்க்கு நெடுநாள் வாழ்வு தரும் என்று கருதப்பட்ட நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்த செய்தி ஊரறிந்தது. இதை வள்ளன்மை என்று பாராட்டுவதோடு தமிழ்ப் புலமை நின்றுவிட்டது. பிரிப்பியல் நோக்கில் பார்த்தால் சிக்கல் வேறு: பொருள் ஒன்று, கிண்ணம் இரண்டு. எப்படிப் போட்டாலும் ஒரு கிண்ணம் காலியாகத்தான் இருக்கும். இதே நிலைமையில் இரண்டரை வயதுக் குழந்தை கனியைக் கடித்துப் பாதியாக்கி இரண்டிலும் துப்பியிருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. வரலாறு வேறுமாதிரி அமைந்ததற்கு அதியமான் வளர்ந்த ஆளாக இருந்தது ஒன்றே காரணம்.

இனிக் களச் செய்திகளுக்கு வரலாம். இந்த மாவட்டத்தில் பிரித்துப் பிழைக்காத வீடு குறைவு. பாலக்கோட்டுச் சந்தைக்குப் போகும் தக்காளியைத் தோட்டத்திலேயே பழம் தனி, செங்காய் தனி என்று பிரித்துவிடுவார்கள். தூர ஊருக்குச் செங்காய். நாளைக்கே குழம்பில் விழப்போவதற்குப் பழம். தருமபுரி நகரத்துப் பட்டுக்கூட்டு ஏல அங்காடிக்குப் போகும் கூட்டையும் அப்படியே கொட்டிக்கொண்டு போக முடியாது. கறை பட்டது, மெலிந்தது, இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு, எல்லாவற்றையும் கழித்துக் கட்டவேண்டும். இரட்டைக் கூட்டில் இரண்டு இழையும் சிக்கிக்கொள்வதால் ஒழுங்காக நூல் எடுக்க வராது. இரண்டு பேர் ஒற்றுமையாகச் சேர்ந்து செய்த வேலையைக் கழிவுக் கூடையில் போடும் துறை இது ஒன்றல்ல என்றாலும், இவ்வளவு வெளிப்படையாகச் செய்வது இது ஒன்றே. கேழ்வரகில் கல், கொள்ளில் மண், சாமையில் உமி. 2023-ல் நீலகிரியோடு தருமபுரிக்கும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது, களி கிண்டத் தெரிந்த இந்த மாவட்டத்துக்கு முறத்தை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் புளிதான் முதன்மைத் தரவு. மாசி, பங்குனியில் அரூர்ப் பக்கம் போனால் வாசல்தோறும் புளி. காய்ந்த பழத்தைக் கல்லின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலாலோ இரும்புத் துண்டாலோ ஒரு தட்டு. ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், சதை மடியோரக் கூடையில். நான்கு வகை, நான்கு குவியல், பேச்சு மட்டும் வகைப்படாமல் கலந்தே ஓடும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொட்டையும் வீணில்லை, அரைத்த பருப்பு மாவு துணி ஆலைகளுக்குக் கஞ்சி போடப் போகிறது. ஆக, குழந்தையின் கையில் விளையாட்டுச் சாமானாக வரும் புளியங்கொட்டை உண்மையில் ஒரு ஜவுளித் தொழில் மூலப்பொருள். அன்னார் ஒரு பிடி அள்ளி வடிகாலில் போடும்போது ஏற்படும் நட்டத்தை எந்தப் பொருளாதார அறிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை.

தீர்த்தமலைக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு வாசலில் இக்கட்டுரையாளர் கண்டது. ஆய்வுக்கு உட்பட்டவருக்கு வயது இரண்டரை; இடுப்பில் அரைஞாண் தவிர வேறு பட்டம் எதுவும் இல்லை. ஆயா புளி தட்டிக்கொண்டிருந்தார். அன்னாரின் முன்னால் இரண்டு கொட்டாங்குச்சி வைக்கப்பட்டது. ஒன்றில் புளியங்கொட்டை, இன்னொன்றில் ஓட்டுத் துண்டு என்பது ஒப்பந்தம். முதல் கொட்டை சரியான கொட்டாங்குச்சியில் விழுந்தது. “அப்படித்தான் ஏஞ்சாமி!” இரண்டாவதும் விழுந்தது. இந்தக் கட்டத்தில் ஓர் அயல்நாட்டு ஆய்வாளர் குறிப்பேட்டை மூடிவைத்துக் கட்டுரையை இதழுக்கு அனுப்பியிருப்பார். மூன்றாவதை அன்னார் ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்தார். ஆட்டுக்குட்டி வேண்டாம் என்றது. நான்காவதைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கொட்டாங்குச்சியையும் தூக்கி ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து, உள்ளே கடகடவென்று சத்தம் வரக் குலுக்கி, ஆயாவைப் பார்த்துச் சிரித்தார். “எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டயே கண்ணு” என்றார் ஆயா, சுத்தியலை நிறுத்தாமல். குரலில் குறை இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

இந்த ஒரு காட்சியிலிருந்து எழும் கோட்பாட்டைத் தயங்காமல் முன்வைக்கிறோம்: குழந்தையின் இயற்கைத் தொழில் கலப்பு, பிரிப்பு என்பது பெரியவர்களின் நோய்.

இதற்கு எதிர்வாதம் உண்டு என்பதை அறிவோம். குழந்தைகளும் பிரிக்கிறார்கள், நம்மைவிடக் கறாராகவே பிரிக்கிறார்கள் என்பர். உண்மை. ஆனால் எதைக் கொண்டு பிரிக்கிறார்கள்? இங்கேதான் கருவிகளைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. தமிழ் வீட்டில் பிரிக்கும் கருவி நான்கு. சல்லடை பருமனைக் கொண்டு பிரிக்கும். முறம் எடையைக் கொண்டு பிரிக்கும்; புடைக்கையில் பதர் முன்னால் பறக்கும், மணி பின்னால் தங்கும். அரிசி களையும் பாத்திரம் தண்ணீரை வைத்துக் கல்லை அடியில் நிறுத்தும். சல்லடைக்கும் முறத்துக்கும் தப்பியதைக் கண்ணும் விரலும் சேர்ந்து பொறுக்கும், கீரை ஆய்வதும் கேழ்வரகில் கல் பார்ப்பதும் அப்படி. குழந்தையிடம் ஐந்தாவதாக ஒரு கருவி இருக்கிறது, வாய். அது உலகத்துப் பொருள் அனைத்தையும் விழுங்குவது, துப்புவது என்று இரண்டே வகையாகப் பிரித்து முடித்துவிடுகிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே உயர்திணை, அஃறிணை என்று எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. மரபியலில் ஓரறிவு உயிர் தொடங்கி ஆறறிவு உயிர் வரை அடுக்கிக் காட்டியது. அந்த அடுக்கில் முதல் அறிவு தொடுதல், இரண்டாவது சுவைத்தல். பிறந்த குழந்தையின் செயல் வரிசையும் ஏறக்குறைய அதுவே. கையில் பட்டது அடுத்த நொடி வாய்க்குப் போகிறது. அறிஞர்கள் இந்தப் பொருத்தத்தை ஏன் இத்தனை காலம் கவனிக்கவில்லை என்றால், அவர்கள் ஆய்வு செய்த நேரத்தில் குழந்தையை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்நாட்டார் இத்துறையில் உழைத்திருப்பதை மறுப்பதற்கில்லை. ஜெனீவாவில் ஜான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் வட்டம், சதுரம், முக்கோணம் என்று அட்டைகளைக் கொடுத்து, ஒத்ததை ஒத்ததோடு சேர்க்கச் சொன்னார்கள். சின்னக் குழந்தைகள் சேர்க்கவில்லை; அவற்றை வரிசையாக அடுக்கி ரயில் விட்டார்கள், மேலே மேலே வைத்து வீடு கட்டினார்கள். இதை வகைப்பாட்டின் முதற்படி என்று அவர்கள் 1959-ல் வந்த நூலில் மரியாதையாகவே எழுதிவைத்தார்கள். நமது வாசலில் புளியங்கொட்டை வாசற்படியிலிருந்து கோழிக்கூண்டு வரை வரிசை கட்டுமானால் அது பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் பஸ். “வரிசையெல்லாம் அப்புறம், கொட்டையை மட்டும் எடுத்துக் கொடு” என்று இடையில் புகுந்து பஸ்ஸை மறிப்பவர் போக்குவரத்துக்கு இடையூறு செய்தவராவார்.

டார்வின் நிலைமை இன்னும் பரிதாபம். உலகத்து உயிர்களையெல்லாம் ஆராய்ந்து எது எதற்கு உறவு என்று எழுதியவர், தம் பிள்ளைகள் நிறங்களின் பெயரைச் சரியாகச் சொல்லாததைப் பார்த்து, நிறக்குருடோ என்று சந்தேகப்பட்டதாக 1877-ல் எழுதினார். பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். நிறப் பெயர் நாக்கில் நிலைக்க நாளாகும், அவ்வளவுதான். அதை அறியாத தாய்மார்கள் இன்றைக்கும் பாலக்கோட்டில் தக்காளியைக் காட்டி “இது என்ன கலர்?” என்று கேட்டு, “தக்காளி கலர்” என்ற முற்றிலும் சரியான விடைக்குத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

மூன்று வயதுக்கு வந்தால் நிலைமை மாறும். மாறிய நிலைமையும் விசித்திரமே. பிலிப் ஜெலாசோவும் அவரோடு ஆய்ந்தவர்களும் 1996-ல் வெளியிட்ட சோதனையை இங்கே சொல்லவேண்டும். படம் போட்ட அட்டைகளைக் குழந்தையிடம் கொடுத்து முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள். மூன்று வயதுக்காரர் அழகாகப் பிரிப்பார். பிறகு, இனி நிறம் வேண்டாம், உருவப்படி பிரி என்பார்கள். புது விதி என்ன என்று கேட்டால் குழந்தை சரியாகச் சொல்லும். சொல்லிக்கொண்டே கையால் பழைய விதிப்படி நிறத்தைப் பார்த்துப் போடும். நாலு, ஐந்து வயதில்தான் வாயும் கையும் ஒத்துப்போகின்றன. இதைப் படித்தபோது கட்டுரையாளருக்கு ஏற்பட்ட வியப்பு சிறிது. காரணம், போன மாதம் வரை ரேஷன் கார்டு நகல் போதும் என்றிருந்து, இந்த மாதம் ஆதாரும் வேண்டும் என்று விதி மாறிவிட்ட கவுன்ட்டர்களில் ஐம்பது வயதுக்காரர்கள் புது விதியைத் திருத்தமாக ஒப்பித்துவிட்டு ரேஷன் கார்டு நகலையே நீட்டுவதைப் பார்த்திருக்கிறார். பெரியவர்களுக்கென்றே 1948-ல் கிராண்டும் பெர்கும் ஒரு அட்டைப் பிரிப்புச் சோதனை செய்தார்கள். அதில் விதி மாறும், மாறியதைச் சொல்லமாட்டார்கள். அலுவலக அனுபவம் உள்ள எவருக்கும் அது சோதனையாகவே தோன்றாது.

கருவிச் செலவு பற்றிச் சில வார்த்தை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோமில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டு, முடியும்வரை இந்தியாவிலேயே, கொடைக்கானல் உட்பட, இருக்க நேர்ந்தது. அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கட்டை: ஒரு செண்டிமீட்டரில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடிப் பத்து செண்டிமீட்டர் வரை. அவருடைய குமிழ் வைத்த உருளைகள் அதனதன் குழியில்தான் உட்காரும். தப்பாகப் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சி, ஆசிரியர் வாய் திறக்காமலே குழந்தைக்குத் தப்பைக் காட்டிக்கொடுக்கும். அருமையான ஏற்பாடு, நாம் தலை வணங்குகிறோம். விலையைப் பார்த்தபின் இன்னும் தாழ வணங்குகிறோம்.

தருமபுரியின் பதிலி முட்டை அட்டை. நாமக்கல் பக்கத்திலிருந்து லாரியில் வருவது, அட்டைக்கு முப்பது குழி, ஐந்துக்கு ஆறு. மளிகைக் கடையில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். குழியில் பச்சை மூடி, சிவப்பு மூடி, வெள்ளை மூடி என்று பாட்டில் மூடிகளை வகை பார்த்து வைக்கலாம். மூடி எந்தக் குழியிலும் உட்காரும் என்பதால் தப்பை அட்டை காட்டிக்கொடுக்காது. குழந்தையின் மானம் காக்கப்படுகிறது. மழையில் நனைந்தால் கூழாகும், கூழானதும் அதுவே களிமண் விளையாட்டாக மாறிவிடும். இரண்டு பாடத்திட்டத்துக்கு ஒரே கருவி. சட்டச் சிக்கல் ஒன்று மட்டும் உண்டு. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-ல் வந்து 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு. ஆயா விற்கவில்லை என்பதால் பிழைத்தார். கொட்டாங்குச்சியைச் சந்தையில் வைத்தால் தெரியும் சங்கதி.

அங்கன்வாடிக்கு வருவோம். இந்த ஏற்பாட்டின் முன்னோடி என்று சொல்லத்தக்க வேலை 1945-ல் மகாராஷ்டிரக் கடற்கரையில் போர்டியில் நடந்தது. மாண்டிசோரி முறையில் ஈடுபட்டிருந்த தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்பவரோடு சேர்ந்து, பணமில்லாத பிள்ளைகளுக்கு மரக்கட்டைக் கோபுரம் எதற்கு என்று இலை, கல், கிளிஞ்சல், விதை என்று கையில் கிடைத்தவற்றைக் கருவியாக்கினார். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையின் முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர் வழி. பின்னர் கோஸ்பாடு மலையில் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளிடையே அந்த வேலை தொடர்ந்தது. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். இரண்டு வயது முடிந்த பிள்ளைகள் வருகிறார்கள். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் இருக்கிறது, அதில் பிரிப்பதும் அடுக்குவதும் இருக்கின்றன. சித்தேரி மலைப் பக்கத்து மையமானாலும் சரி, நகரத்து மையமானாலும் சரி, காட்சி ஒன்றுதான். பச்சை வில்லையைப் பச்சை வட்டத்தில் வை, மஞ்சளை மஞ்சளில் வை என்பார் டீச்சர். குழந்தை வைக்கும். அல்லது வைக்காது.

அதே அறையில் அதே நேரத்தில் இன்னொரு பிரிப்பும் நடக்கிறது. சுவரோரம் எடை பார்க்கும் கருவி. டீச்சர் மாதாமாதம் பிள்ளையை நிறுத்தி எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைக்கிறார். அட்டையில் மூன்று பட்டை: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. வயதுக்கேற்ற எடை என்றால் பச்சை, குறைந்தால் மஞ்சள், மிகவும் குறைந்தால் ஆரஞ்சு. தரையில் உட்கார்ந்து வில்லைகளைப் பிரிக்கும் குழந்தையை மேசையில் ஒருவர் வில்லையாக வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நிறங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதில் யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்பதைப் பற்றி மேலும் ஆயவேண்டும். நம் இலக்கணமும் இதில் குழந்தையின் பக்கம் இல்லை. ஆசிரியர் வந்தார், அதிகாரி வந்தார் என்று எழுதிவிட்டு, குழந்தை மட்டும் வந்தது, அழுதது, போனது. பிரிக்கச் சொல்லப்பட்ட ஆளை மேசை நாற்காலியோடு சேர்த்துப் பிரித்துவிட்டார்கள்.

இவ்விடத்தில் கட்டுரையின் குரலைச் சற்று இறக்கவேண்டியிருக்கிறது. இந்த மாவட்டத்தில் பெரியவர்கள் குழந்தைகளைப் பிரித்த முறை எப்போதும் எடைக்கருவியோடு நின்றதில்லை. ஆணா பெண்ணா என்று பார்த்து, பெண் என்றால் வேண்டாம் என்று ஒதுக்கிய வீடுகள் இருந்தன. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதும், 2001-ல் அது தருமபுரிக்கு நீட்டிக்கப்பட்டதும் அதனால்தான். அப்படி ஒரு தொட்டில் அரசாங்கச் செலவில் வைக்கப்படவேண்டியிருந்த ஊரில், “எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டயே” என்று ஓர் ஆயா பேத்தியைப் பார்த்துச் சொன்னதை இக்கட்டுரை கலப்பியல் தரப்பின் வலுவான சான்றாகப் பதிவு செய்கிறது. ஆம், அரைஞாண் அணிந்த அந்த ஆய்வுக்கு உட்பட்டவர் பெண்.

மூன்று மொழி புழங்கும் மாவட்டம் என்பதையும் சொல்லிவிட்டு முடிவுகளுக்குப் போகலாம். வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், அங்கன்வாடியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் இங்கே உண்டு. எந்த வார்த்தையை யாரிடம் எடுக்கவேண்டும் என்பதை அவர்கள் மூன்று வயதுக்குள் பிரித்துத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதற்கு யாரும் கிண்ணம் வைக்கவில்லை, “கெட்டிக்காரி” என்று கைதட்டவும் இல்லை.

இனி நடைமுறை. கலப்பியலார் ஆனாலும் சில இடங்களில் பிரிப்பியலாரோடு உடன்படவேண்டும், அதில் தலையாயது தொண்டை. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் கையில் எது போகலாம் என்பதற்குப் பொம்மைச் சோதனைக்கூடங்களில் ஓர் உருளை வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கிவிடும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. நமது பத்து ரூபாய் நாணயத்தின் விட்டமே 27 மில்லிமீட்டர்தான். அப்படியானால் புளியங்கொட்டை, நிலக்கடலை, பட்டாணி, பாட்டில் மூடி, கோலி, சட்டைப் பொத்தான், சின்ன வெங்காயம் எல்லாம் தேர்வில் தோற்றவை. இவ்வளவு நேரம் இக்கட்டுரை எந்தக் கொட்டையைச் சுற்றி வந்ததோ அதே கொட்டை ஆயாவின் பார்வை விலகும் நொடியில் ஆபத்து. தீர்த்தமலைச் சாலையோர வாசலில் ஆயாவின் ஒரு கை சுத்தியலில் இருந்தபோதும் கண் பேத்தியின் வாயில்தான் இருந்தது. நான்காவது கொட்டை காதுக்குப் போனபோதே “எடு அத” என்று ஓர் அதட்டல் வந்ததைச் சொல்லாமல் விட்டோம். இந்த இடத்துக்காக வைத்திருந்தோம்.

குன்றிமணி அழகாக இருக்கும். சிவப்பும் கறுப்புமாக, பிரிப்பதற்கென்றே படைத்ததுபோல. அதில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஆமணக்கு விதையில் ரைசின். கொல்லையில் கிடைக்கிறது, செலவில்லை என்று இவ்விரண்டையும் விளையாட்டுக்கு எடுக்கவே கூடாது. பல்லாங்குழியில் பெரியவர்கள் குன்றிமணி போட்டு ஆடியதுண்டு. ஆடியவர்கள் ஏழெட்டு வயதைக் கடந்தவர்கள், காயை வாயில் போடாதவர்கள்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் எலுமிச்சம்பழம், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு போதும். கரண்டியும் டம்ளரும் போதும். இவற்றிலெல்லாம் மேலானது துவைத்துக் காய்ந்த துணிக் குவியல். இது அப்பாவோடது, இது ஆயாவோடது, இது பாப்பாவோடது என்று மூன்று குவியல் போட இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வகை அதற்கு உண்மையிலேயே வேண்டியிருக்கிறது. வாசலில் கிடக்கும் செருப்புகளும் அப்படியே. ஜோடி சேர்ப்பதில் மூன்று வயதுக்காரர்கள் காட்டும் கண்டிப்பைத் திருமணத் தரகர்களிடமும் காணமுடியாது. கிண்ணத்தில் போட்டதைக் குழந்தை திரும்பக் கொட்டினால் கொட்டட்டும். பாதி நேரம் பிரிப்பு, பாதி நேரம் கொட்டல் என்று கணக்கு வைத்துக்கொண்டால் இருவருக்கும் கோபம் வராது. பாலை மட்டும் முதலில் இறக்கி வைத்துவிட்டு உட்காருங்கள்.

இவ்வாய்வின் முடிவுகளோடு மாறுபடும் அறிஞர்கள் தங்கள் மறுப்பை எழுத்தில் அனுப்பவேண்டாம். இரண்டரை வயதுச் சான்று ஒருவரை நேரில் அழைத்து வரவும். கிண்ணம் நாங்கள் தருகிறோம்; தரை துடைக்கத் துணி அவரவர் கொண்டுவரவேண்டும்.